பிரெட் மழை பெய்யும் கிரவுண்டு!

மேட்ச் பார்க்கப் போறப்ப கையில என்ன எடுத்துட்டுப் போவோம்? கொடி, விசில், தட்டி சத்தம் பண்ண ஒரு காலி பாட்டில். கொஞ்சம் விவரமான பார்ட்டின்னா பையில புளிசாதம். ஆனா, அமெரிக்காவுல பிலடெல்பியா நகரத்து யுனிவர்சிட்டி பசங்க ஃபுட்பால் மேட்ச்சுக்கு பாக்கெட் பாக்கெட்டா பிரெட் வாங்கிட்டுப் போறாங்க. சாப்பிட இல்லை பாஸ்... தூக்கி எறிய!

‘சும்மா விடாதீங்க அண்ணே’னுதான் நானும் சொன்னேன். எங்க பெரியம்மா பையன் அப்போ பென்சில்வேனியா யுனிவர்சிட்டியில எம்.எஸ். பண்ணிக்கிட்டு இருந்தார். நான் ஆபீஸ் வேலையா மூணு மாசம் நியூஜெர்சியில. பக்கத்து பக்கத்து ஊர்தான். ‘‘டேய் தம்பி, வர்றதுன்னா ஏப்ரல் கடைசி வாரம் வா. எங்க கிரவுண்டுல பென் ரிலேஸ் நடக்கும். நீதான் காலேஜ்ல ரிலே ஓடினவனாச்சே!’’ன்னார்.

அந்தக் கடைசி வரி எனக்குப் பிடிக்கலை. காரணம் அப்புறம் சொல்றேன்.

பிலடெல்பியா ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கி கால் மணி நேரம் நடந்தா யுனிவர்சிட்டி வந்துடுது. ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, ஒரு பக்கம் மியூசியம், நடுவுல செங்கல் வளைவு வளைவா, பழைய கோட்டை மாதிரி ஒரு கட்டடம். அதுதான் ஃபிராங்க்ளின் ஃபீல்டு. மின்னலுக்குப் பட்டம் விட்ட கதையில வருவாரே பெஞ்சமின் ஃபிராங்க்ளின், அவர் ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி இது. அவர் பேரைத்தான் கிரவுண்டுக்கும் வெச்சிருக்காங்க. 1895-ல திறந்தது. அப்போ மரத்துல கேலரி. இப்போ நாம பார்க்கிற செங்கல் ஸ்டேடியம் 1922-ல கட்டினது. மேல் அடுக்கு 1925-ல சேர்ந்தது. அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால் இன்னமும் ஆடப்படுற ஸ்டேடியங்கள்ல இதுதான் ரொம்பப் பழசு. குதிரை லாடம் மாதிரி மூணு பக்கமும் கேலரி, நாலாவது பக்கம் வெய்ட்மேன் ஹால்னு ஒரு பழைய ஜிம்னாசியம் கட்டடம். நடுவுல ஃபுட்பால் மைதானம். அதைச் சுத்தி டிராக்.

ஃபுட்பால்னதும் ரொனால்டோ, மெஸ்ஸினு கற்பனையை ஓட விட்டுடாதீங்க. இது அமெரிக்கன் ஃபுட்பால். காலுக்கு அங்கே பெருசா வேலை இல்லை. நீள உருண்டைப் பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடுவாங்க, எதிர்ல வர்றவன் மேல லாரி மாதிரி மோதுவாங்க. அதுக்கு ஏன் ஃபுட்பால்னு பேர்னு அண்ணனைக் கேட்டேன். ‘‘நானும் வந்த புதுசுல கேட்டேன். ஒருத்தனும் நேரா பதில் சொல்லலை’’ன்னார்.

பிரெட் மேட்டருக்கு வர்றேன். அந்த யுனிவர்சிட்டிக்கு ஒரு பழைய பாட்டு இருக்கு. மேட்ச்சுல மூணாவது குவார்ட்டர் முடிஞ்சதும் ஸ்டூடன்ட்ஸ் கூட்டம் எழுந்து நின்னு பாடும். பாட்டோட கடைசியில யுனிவர்சிட்டி பேரைச் சொல்லி ‘டோஸ்ட்’ சொல்லணும். அதாவது கிளாஸைத் தூக்கிப் பிடிச்சு ‘சியர்ஸ்’. அந்தக் காலத்துல நிஜமாவே சரக்கு கிளாஸைத் தூக்கினாங்க. 1970-கள்ல ஸ்டேடியத்துக்குள்ளே மதுவுக்குத் தடை போட்டுட்டாங்க. பசங்க யோசிச்சாங்க. கிளாஸ்தானே வரக் கூடாது, டோஸ்ட் வரலாமில்ல? ரொட்டித் துண்டுக்கும் இங்கிலீஷ்ல அதே பேர்தானே! பாட்டு முடியற நொடியில ஆயிரக்கணக்குல பிரெட் துண்டு கேலரியில இருந்து பறந்து வந்து டிராக் மேல விழும். பேகல், டோனட்னு சீனியர்ஸ் கைவரிசை தனி.

மறுநாள் காலையில அதே டிராக்குல ஓட்டக்காரங்க பிராக்டீஸ் பண்ணணுமே? அதுக்கும் வழி கண்டுபிடிச்சிருக்காங்க. இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்ஸ் சேர்ந்து பிரெட் பொறுக்க ஒரு வண்டியே செஞ்சுட்டாங்க. ரோடு பெருக்கற மெஷின் மாதிரி ஓடி எல்லாத்தையும் வாரி எடுக்கும். நம்ம ஊர்ல ஃபைனல் இயர் புராஜெக்ட்டை ரெடிமேடா வாங்கி பைண்டிங் மட்டும் சொந்தமா பண்ற மகான்கள் கவனிக்கவும்.

இன்னொண்ணும் உண்டு. 1982-ல ஹார்வர்டு யுனிவர்சிட்டியோட மேட்ச். பென் டீம் 1959-க்கு அப்புறம் ஐவி லீக் பட்டத்தைத் தொட்டதே இல்லை. ஆட்டம் முடியற நேரம், பென் அடிச்ச கடைசி கிக் கோல் போஸ்ட்டுக்கு வெளியே போயிடுச்சு. ஹார்வர்டு ஆளுங்க குதிக்கிறாங்க. ஆனா உதைச்ச ஆள் மேல ஹார்வர்டு வீரர் மோதிட்டார்னு ரெஃப்ரி ஃபவுல் கொடுத்தார். கடிகாரத்துல நேரமே மிச்சமில்லை, ஆனாலும் இன்னொரு கிக். இந்த முறை உள்ளே! 23-21. கேலரி மொத்தமும் கிரவுண்டுக்குள்ள இறங்கி, கோல் போஸ்ட்டைப் பிடுங்கி, தோள்ல சுமந்துக்கிட்டு, பக்கத்துப் பாலத்துக்கு ஊர்வலமா போய், ஸ்கூல்கில் ஆத்துல தள்ளி விட்டுட்டாங்க. அப்புறம் பட்டம் ஜெயிக்கிற வருஷங்கள்ல கோல் போஸ்ட் ஆத்துக்குப் போறது பழக்கமாவே ஆயிடுச்சு. புள்ளையார் கரைக்கிற மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன்.

காலேஜ் டீம் மட்டும் இல்லை. பிலடெல்பியாவோட தொழில்முறை டீம் ஈகிள்ஸுக்கும் 1958-ல இருந்து 1970 வரை இதுதான் வீடு. 1960 டிசம்பர் 26, தேசிய லீக் ஃபைனல் இங்கேதான். ஈகிள்ஸ் 17, கிரீன் பே பேக்கர்ஸ் 13. கடைசி சில நொடிகள், பேக்கர்ஸ் ஆள் ஜிம் டெய்லர் பந்தோட கோட்டை நோக்கி வர்றார். சக் பெட்நாரிக் அவரைக் கட்டிப் பிடிச்சுக் கீழே தள்ளி, கடிகாரம் முடியற வரைக்கும் எழுந்திருக்கவே விடலை. மேலேயே உக்கார்ந்துட்டார்! இந்த பெட்நாரிக் யார் தெரியுமா? இரண்டாம் உலகப் போர்ல குண்டு வீசற விமானத்துல துப்பாக்கி பிடிச்சுட்டு வந்து, இதே யுனிவர்சிட்டியில சேர்ந்து, இதே கிரவுண்டுல காலேஜ் பையனா ஆடினவர். எதிர் டீம் கோச், வின்ஸ் லம்பார்டி. இன்னிக்கு சூப்பர் பவுல் கோப்பைக்கே அவர் பேர்தான். ஃபைனல் கட்ட ஆட்டங்கள்ல அவர் தோத்தது அந்த ஒரு தடவைதான்.

அதே ஈகிள்ஸ் ரசிகர்கள்தான் 1968 டிசம்பர்ல, டீம் தோத்துத் தோத்துக் கடுப்பா இருந்தப்போ, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்துல வந்தவரையே பனிக்கட்டியால அடிச்சவங்க. பிலடெல்பியா ரசிகன்னா அமெரிக்கா முழுக்க இன்னிக்கும் முதல்ல சொல்றது இந்தக் கதையைத்தான். பாவம், தாத்தா வேஷத்துக்குச் சொல்லி வெச்ச ஆள் பனியில வராம போக, கேலரியில தற்செயலா அந்த டிரெஸ்ல உக்கார்ந்திருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு இறக்கி விட்டிருக்காங்க. அவனுக்கு வந்த வாழ்வு!

சினிமா ஆளுங்களுக்கு ஒரு துணுக்கு: ‘அன்பிரேக்கபிள்’ படத்துல புரூஸ் வில்லிஸ் ஒரு ஸ்டேடியத்துல செக்யூரிட்டியா வருவாரே... இங்கே எடுத்ததுதான். டைரக்டர் மனோஜ் நைட் ஷியாமளன் நம்ம பக்கத்து மாஹேயில பிறந்து, பிலடெல்பியா ஓரத்துல வளர்ந்தவர்.

சரி, டிராக்குக்கு வருவோம்.

என் கதையைச் சொல்லிடறேன். காலேஜ் மூணாவது வருஷம். இன்டர் காலேஜ் மீட், நாலு பேர் நூறு மீட்டர் ரிலே ஃபைனல். மண் டிராக்கு, சுண்ணாம்புக் கோடு. நான் மூணாவது ஆள். நாலாவது ஓடுறவனை நாங்க ‘எக்ஸ்பிரஸ்’னு கூப்பிடுவோம். அவன் கையில பேட்டன் போய்ச் சேர்ந்தா மெடல் உறுதி. எங்களுக்கே அப்படித்தான் கணக்கு. அப்போ நாங்க ரெண்டாவதா வந்துக்கிட்டு இருந்தோம். வளைவு முடிஞ்சது, எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பிச்சான், கையைப் பின்னால நீட்டினான், நான் நீட்டினேன். டொங்!

கீழே விழுந்த பேட்டன் உருண்டு பக்கத்து லேனுக்குப் போயிடுச்சு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? இடுப்புல கை வெச்சுக்கிட்டு வெளியே நடந்துட்டேன். எடுக்கலை. பேட்டன் விழுந்தா ஆட்டம் அவுட்னு ஏதோ ஒரு நினைப்பு. நிஜத்துல ரூல் அப்படி இல்லை. தவற விட்டவனே போய் எடுக்கணும், மத்தவங்க வழியை மறைக்கக் கூடாது, ஓட வேண்டிய தூரம் குறையக் கூடாது. அவ்வளவுதான். எடுத்துக்கிட்டு ஓடலாம். எக்ஸ்பிரஸ் அந்தக் கோட்டுலயே நின்னு, கையை நீட்டினபடியே என்னைப் பார்த்தான். ஆறு டீமும் போன பிறகும் நின்னான். பி.டி. சார் வந்து தோளைத் தொட்டுக் கூட்டிக்கிட்டுப் போனார்.

அதுக்கப்புறம் ஹாஸ்டல்ல எங்களுக்குள்ள வந்த சண்டை வேற. ‘நீ கையை ஆட்டினே’ன்னு நான். ‘நீ தப்பான கையில வெச்சிருந்தே’ன்னு அவன். மூணாவது ஆள் வலது கையில பேட்டனை வெச்சுக்கிட்டு, நாலாவது ஆளோட இடது கையில கொடுக்கணும். அதான் நாங்க பழகினது. நான் வலது கையிலதான் வெச்சிருந்தேன்னு சத்தியமே பண்ணினேன். பேச்சு நின்னு போச்சு. காலேஜ் முடிஞ்சு ஏழு வருஷம். குரூப்ல பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து உண்டு. தனியா ஒரு வார்த்தை கிடையாது. இதுக்குப் போய் இவ்வளவான்னு கேட்பீங்க. ரிலே ஓடினவங்க யாராவது பக்கத்துல இருந்தா கேட்டுப் பாருங்க.

இந்த மனசோடதான் நான் பென் ரிலேஸ் பார்க்கப் போய் உக்கார்ந்தேன். ரிலேயோட தாய்வீட்டுக்கு!

தாய்வீடுன்னு சும்மா சொல்லலை. ‘நாலு பேர் சேர்ந்து ஒரு ஓட்டம்’ங்கிற ஐடியா 1893-ல இந்த யுனிவர்சிட்டி ஸ்போர்ட்ஸ் மீட்ல கூட்டத்தை இழுக்கச் சேர்த்த ஒரு அயிட்டம். பென்னும் பிரின்ஸ்டனும் ஓடினாங்க, ஆளுக்குக் கால் மைல். பிரின்ஸ்டன் ஜெயிச்சது. ஜனங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு, புது ஸ்டேடியம் திறக்கிற விழாவுக்கு முழுக்க முழுக்க ரிலேயா ஒரு மீட் வெச்சாங்க. அதுதான் 1895 ஏப்ரல்ல நடந்த முதல் பென் ரிலேஸ். அப்போ கையில பேட்டனே கிடையாது. அடுத்தவன் கையைத் தொட்டா அவன் ஓடலாம். நான் நூறு வருஷம் முன்னாடி பிறந்திருக்கணும்னு தோணுச்சு.

ரெண்டு உலகப் போர் நடந்தப்போகூட நிக்காத மீட் இது. 2020-ல கொரோனாதான் முதல் தடவையா நிறுத்தி வெச்சது. 2021-லயும் கிடையாது. 2022-ல திரும்ப ஆரம்பிச்சுட்டாங்க.

வெளியே தெரு முழுக்கத் திருவிழாக் கடைங்க. ‘கார்னிவல்’னுதான் பேரே. மசாலா தடவிச் சுட்ட ஜமைக்கா சிக்கன் வாசனை மூக்கைத் துளைக்குது. உள்ளே போனா... அட, இது அமெரிக்காவா ஜமைக்காவா? ஒரு பக்கக் கேலரி பூரா கறுப்பு, பச்சை, மஞ்சள் கொடி. 1964-ல கிங்ஸ்டன் காலேஜ்னு ஒரு ஜமைக்கா டீம் இங்கே வந்து ஓடுச்சு (பேர்தான் காலேஜ், அது பசங்க ஸ்கூல்). அதுல இருந்து வருஷா வருஷம் ஜமைக்கா ஸ்கூல் பிள்ளைங்க வந்து அமெரிக்க ஸ்கூல்களோட மோதுறது வழக்கமாயிடுச்சு. வேலை தேடி அமெரிக்கா வந்து செட்டிலான ஜமைக்காக்காரங்க நியூயார்க்ல இருந்து பஸ் பிடிச்சு வந்து, தான் படிச்ச ஸ்கூல் பேர் போட்ட பனியனோட உக்கார்ந்திருக்காங்க. பேரன் பேத்தி எடுத்தவங்க எல்லாம் ஸ்கூல் கலர்ல! 2010-ல உசைன் போல்ட் இங்கே ஜமைக்கா டீமுக்குக் கடைசி ஆளா ஓடினார். தன்னோட நூறு மீட்டரை 8.79 செகண்டுல முடிச்சார். ஏற்கெனவே வேகமெடுத்து வாங்கினதால வர்ற டைம் அது, இருந்தாலும் யோசிச்சுப் பாருங்க. அன்னிக்கு வந்த கூட்டம் 54,310 பேர்.

நான் போன நாள்ல போல்ட் எல்லாம் இல்லை. ஸ்கூல் பிள்ளைங்க ஹீட்ஸ். ஒரு ஓட்டம் முடியறதுக்குள்ள அடுத்த டீம்கள் கோட்டுல நிக்குது. காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரை துப்பாக்கிச் சத்தம்தான். நாங்க மேல் அடுக்குல உக்கார்ந்தோம். பின்னாடி நகரத்து உயரக் கட்டடங்கள், கீழே எறும்பு வரிசையா ஓட்டக்காரங்க. குளிர்காத்து காதை அறுக்குது. பக்கத்துல ஒரு ஜமைக்கா அம்மா. அறுபது வயசுக்கு மேல இருக்கும். மடியில ஒரு கம்பளி, அதை எடுத்துப் பாதியை எங்க அண்ணன் காலுக்கும் போர்த்தி விட்டுட்டாங்க. கேட்கவே இல்லை!

இந்தக் கூட்டத்துக்குன்னு ஒரு சத்தம் இருக்கு. பின்னால வர்றவன் முன்னால போறவனை வளைவுல நெருங்கினா போதும். ‘ஊஊஊஊ’ன்னு கேலரியோட ஒரு மூலையில ஆரம்பிச்சு, ஓடுறவன் கூடவே அந்தச் சத்தமும் சுத்தி வரும். யார், எந்த ஸ்கூல், எதுவும் முக்கியமில்லை. துரத்தினா சத்தம் உண்டு.

மதியம் சாப்பிட இறங்கினப்போ அண்ணன் ரெண்டு கதை சொன்னார். ரெண்டும் இந்த மண்ணுல நடந்தது.

ஜான் டெய்லர்னு ஒரு ஸ்டூடன்ட். அடிமைகளா இருந்தவங்களோட பிள்ளை. இந்த யுனிவர்சிட்டியில கால்நடை மருத்துவம் படிச்சுக்கிட்டே கால் மைல் ஓடினார். அமெரிக்கக் காலேஜ்கள்ல அவரை மிஞ்ச ஆள் இல்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்ஸ். 400 மீட்டர் ஃபைனல்ல ஓட்டத்தை நடுவுலயே நிறுத்தி, ஒரு அமெரிக்கர் இங்கிலாந்துக்காரரை மறிச்சார்னு பெரிய தகராறு. மறுபடி ஓடச் சொன்னாங்க. டெய்லரும் இன்னொரு அமெரிக்கரும் ஓட மாட்டோம்னு ஒதுங்கிட்டாங்க. அவர் மேல எந்தக் குற்றமும் இல்லை, ஆனா மெடல் போச்சு. ரெண்டே நாள்ல ரிலே. மூணாவது ஆளா 400 மீட்டர் ஓடினார். தங்கம்! ஒலிம்பிக்ஸ்ல தங்கம் வாங்கின முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர்தான். அந்த வருஷம்தான் டாக்டர் பட்டமும் வாங்கியிருந்தார். ஊர் திரும்பி, டிசம்பர் 2-ம் தேதி டைபாய்டு காய்ச்சல்ல போயிட்டார். வயசு 26. ஒரு நாள்கூட முழுசா மெடலை மாட்டிக்கிட்டு ஊர் சுத்தியிருக்க மாட்டார் மனுஷன்.

இன்னொண்ணு, ஓடவே முடியாத ஒருத்தரோட கதை. 1936 ஜூன் 27 ராத்திரி. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ரெண்டாவது தடவை வேட்பாளரா நிக்க ஒப்புக்கிற கூட்டம் இங்கே. கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர். இளம்பிள்ளைவாதம் தாக்கி அவருக்கு ரெண்டு காலும் விளங்காது. இரும்புக் கம்பி கட்டி, மகன் கையைப் பிடிச்சுத்தான் நடந்து வர்றார். கூட்டத்துல ஒரு வயசான கவிஞரைப் பார்த்துக் கை கொடுக்கச் சாய்ஞ்சப்போ கம்பியோட பூட்டு விட்டுப் போச்சு. கீழே விழுந்துட்டார். கையில இருந்த பேச்சுத் தாள் எல்லாம் சிதறிப் போச்சு. சுத்தி இருந்தவங்க மறைச்சு நின்னு தூக்கி, கம்பியைப் பூட்டி, துணியைத் தட்டி விட்டாங்க. தாளை வாங்கிக்கிட்டவர், திரும்பவும் அந்தக் கவிஞர்கிட்ட போய்க் கையைக் கொடுத்துட்டுத்தான் மேடைக்குப் போனார். பக்கத்துல இருந்த கொஞ்சப் பேரைத் தவிர, கேலரியில இருந்தவங்களுக்கு எதுவுமே தெரியாது. தாளை வரிசைப்படுத்திக்கிட்டு, எதுவும் நடக்காத மாதிரி பேசி முடிச்சார். அந்த வருஷத் தேர்தல்ல 48 மாநிலத்துல 46 அவருக்கு.

‘‘எந்த இடத்துல விழுந்தார்?’’னு கேட்டேன். அண்ணன் சிரிச்சார். ‘‘அதுக்குக் கல்வெட்டா வைப்பாங்க?’’

திரும்பி மேலே வந்து உக்கார்ந்தோம். பொண்ணுங்க நாலு பேர் நூறு மீட்டர் ஹீட்ஸ் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எத்தனையாவது ஹீட்னு கணக்கே விட்டுப் போச்சு. நீலப் பனியன் போட்ட ஒரு அமெரிக்க ஸ்கூல் டீம், மூணாவது இடத்துல வருது. மூணாவது ஆளா ஒரு ஒல்லிப் பொண்ணு வளைவை முடிச்சுட்டு வர்றா. நாலாவது பொண்ணு கையை நீட்டுறா.

பேட்டன் விழுந்துச்சு.

மேல் அடுக்குக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுச்சு.

அது உருண்டு ரெண்டு லேன் தள்ளிப் போச்சு. அந்தப் பொண்ணு ஒரு நொடி வாயைப் பொத்திக்கிட்டா. அப்புறம் நின்னு, மத்த டீம் எல்லாம் தாண்டிப் போற வரை காத்திருந்து, ஓடிப் போய் எடுத்தா. திரும்ப ஓடி வந்தா. நாலாவது பொண்ணு இடத்தை விட்டு நகரவே இல்லை. கையை அப்படியே நீட்டி வெச்சிருக்கா. கொடுத்தா. அவ ஓட ஆரம்பிச்சப்போ முதல் டீம் கோட்டைத் தாண்டி மூச்சு வாங்கிக்கிட்டு இருந்துச்சு. தன்னந்தனியா டிராக்குல நூறு மீட்டர். துரத்த முன்னால ஆளே இல்லை. ஆனா ‘ஊஊஊஊ’ ஆரம்பிச்சுடுச்சு! பச்சை மஞ்சள் கொடிக் கூட்டத்துலதான் முதல்ல ஆரம்பிச்சது. கோடு வரைக்கும் கூடவே போச்சு. எங்க பக்கத்து ஜமைக்கா அம்மா கம்பளியை என் மேல போட்டுட்டு எழுந்து நின்னு ரெண்டு கையையும் வாய்ல குவிச்சுக் கத்துறாங்க.

உக்கார்ந்ததும் என்னைப் பார்த்து, ‘‘ஏன் தம்பி, அந்தப் பொண்ணு உனக்குத் தெரிஞ்சவளா?’’ன்னாங்க. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, ‘‘இல்லைம்மா, குளிர்காத்து’’ன்னேன். ‘‘குளிர்காத்துதான்’’னு சொல்லி பையில இருந்து ஒரு இஞ்சி பிஸ்கட் எடுத்துக் கொடுத்தாங்க. அவங்களும் ஸ்கூல்ல ரிலே ஓடினவங்களாம், ரெண்டாவது ஆளா. கூட ஓடினவங்கள்ல ரெண்டு பேரோட இன்னமும் போன்ல பேசறாங்களாம். மூணாவது ஆள் போன வருஷம் இறந்துட்டாங்களாம். ‘‘எங்ககிட்ட குச்சி விழலை. ஆனா ஜெயிக்கவும் இல்லை. நாலாவது இடம்!’’னு சிரிச்சாங்க.

கொசுறா ஒரு தகவல்: இதே டிராக்குல 2016-ல ஐடா கீலிங்னு ஒரு பாட்டி நூறு மீட்டர் ஓடினாங்க. டைம் 1 நிமிஷம் 17.33 செகண்டு. வயசு? நூறு! நூறு வயசுக்காரப் பெண்கள் பிரிவுல அப்போ அது உலக சாதனை. ஸ்போர்ட்ஸ் டேயில ‘கால் வலிக்குது சார்’னு கட் அடிக்கிற கோஷ்டிக்கு இது டெடிகேட்டட்.

சாயங்காலம் கூட்டம் கலைய ஆரம்பிச்சதும் நாங்க கீழே கம்பி வேலி வரைக்கும் போனோம். டிராக்குக்குள்ள விட மாட்டாங்க. வேலி வழியா நீட்டி ஒரு விரலால தொட்டுப் பார்த்தேன். சிந்தெடிக், கொஞ்சம் சொரசொரப்பா, வெயில் பட்டதுல இளஞ்சூடு. எங்க மண் டிராக்குல விழுந்தா முட்டியில தழும்பு கேரன்டி. இதுல எப்படியோ.

நீலப் பனியன் பொண்ணுங்க நாலு பேரும் கேட் பக்கத்துல பெரிய பிரெட்ஸல் ஒண்ணைப் பிச்சுப் பிச்சுத் தின்னுக்கிட்டு நின்னாங்க. அந்த ஒல்லிப் பொண்ணு ஏதோ சொல்ல, மத்த மூணும் விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. கிட்டப் போய்ப் பேசலாமான்னு நினைச்சேன். என்னன்னு பேசறது? அண்ணன் சட்டையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டார்.

அந்தத் தனி ஓட்டத்தை நான் போன்ல வீடியோ எடுத்திருந்தேன். பாதிதான். மீதி நேரம் கை என் வாய்ல இருந்துச்சு. ரயில்ல உக்கார்ந்து அதை எக்ஸ்பிரஸுக்கு அனுப்பினேன். குரூப்ல இல்லை, தனியா. என்ன எழுதறதுன்னு தெரியாம, ‘பென் ரிலேஸ், பிலடெல்பியா’ன்னு மட்டும் போட்டேன். அப்போ நம்ம ஊர்ல ராத்திரி மூணு மணி இருக்கும். தூங்கிக்கிட்டு இருப்பான், பார்த்தாலும் பார்க்காத மாதிரி விட்டுடுவான்னு நினைச்சு ஃபோனைப் பையில போட்டுட்டேன்.

நியூஜெர்சி வந்து சேர்றதுக்குள்ள பதில் வந்திருந்தது. கைக்குழந்தை இருக்கிற வீடு போல, அந்த நேரத்துக்கு முழிச்சுக்கிட்டு இருந்திருக்கான். மூணு மெசேஜ்.

‘கிரவுண்டு சூப்பர்.’

‘அந்தப் பொண்ணு வலது கையிலதான் வெச்சிருக்கா. நல்லா பாரு.’

‘நீ இடது கையிலடா வெச்சிருந்தே. இப்பவாவது ஒத்துக்கோ.’

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வலது கைதான். உடனே கூப்பிட்டேன். முதல் ரிங்லயே எடுத்துட்டான்.

‘‘டேய், நான் வலது கையிலதான்டா வெச்சிருந்தேன்’’னேன்.